குமரப்பாவின் கணக்கும் நம் கல்லாவும்

சிந்தனையாளர், எழுத்தாளர் என்ற சொற்களைக் கேட்டாலே நம் வியாபாரிகளில் பலர், "அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம்" என்று சொல்லிவிட்டுத் தராசின் பக்கம் திரும்பிவிடுவது வழக்கம். சங்கக் கூட்டங்களில் பேச வருகிறவர்களும் அப்படித்தான். ஆரம்பத்தில் காந்தியடிகள் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே ஜி.எஸ்.டி.க்கு வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நமக்கும் அதுதான் அவசரம்.

ஆனால் வெம்பாக்கம் ஆகட்டும், செய்யாறு, ஆரணி, காஞ்சிபுரம் ஆகட்டும், எந்த மளிகைக் கடையில் நுழைந்தாலும் கண்ணுக்கு நேரான தட்டில் இன்று என்ன இருக்கிறது? மரச்செக்கு எண்ணெய், பனங்கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, கைக்குத்தல் அரிசி, வரகு, சாமை. ஒரு காலத்தில் கீழ்த் தட்டில் சாக்கு மறைவில் கிடந்த சரக்குகள் இவை. மருந்துக்குக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்போம். இன்று சாதாரணச் சரக்கைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை போகின்றன. எண்பது, தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே இவற்றுக்காக வாதாடி, கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழர். சாமியார் அல்லர், கவிஞர் அல்லர். கணக்குத் தணிக்கையாளர். ஜே.சி. குமரப்பா என்பது அவர் பெயர். அவருடைய சரக்கு நம் கடையில் இருக்கிறது. அவருடைய கணக்கு இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

குமரப்பா 1892 ஜனவரி 4-ல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துத் தேறி, பம்பாயில் தொழில் நடத்தி நன்றாகவே சம்பாதித்தார். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றி ஆராய்ச்சி செய்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று சர்க்காரின் வரவு செலவை வைத்தே பார்த்தார். ஐந்தொகையைப் புரட்டினால் கடை எங்கே ஒழுகுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதைப் போலத்தான் அவருக்கும் தெரிந்தது. 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்கு கோட்டும் சூட்டுமாகப் போனார். மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், சாணம் மெழுகிய தரையில் அந்த உடையோடேயே உட்கார்ந்துவிட்டாராம். அதோடு பம்பாய் வாழ்க்கை முடிந்தது.

காந்தியடிகள் அவரைக் குஜராத்தில் கேடா ஜில்லா மாதர் தாலுக்காவுக்கு அனுப்பினார். மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் எழுதி வாங்கினார். வறுமையைப் பற்றிப் பாட்டுப் பாடியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். வறுமைக்குப் பேரேடு எழுதியவர்கள் மிகச் சிலர்தான். 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் செக்கு, கைக்குத்தல், வெல்லம், காகிதம், தேனீ என்று ஒவ்வொன்றையும் வைத்துச் சோதனை செய்தார்கள்.

அந்த வருஷம் நடந்த இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லத் தோன்றுகிறது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் கமிட்டி அமைந்தது. நாடெங்கும் இருந்து பணம் குவிந்தது. பொதுப்பணம் குவிகிற இடத்தில் என்னென்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கைப் பார்க்கக் குமரப்பாவை அழைத்தார்கள். அவர் போட்ட முதல் உத்தரவு, தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணாவைத் தாண்டக் கூடாது என்பது. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலம் அது. அப்போது காந்தியடிகளே கமிட்டி கூட்டத்துக்காகத் தம் பரிவாரத்தோடு பாட்னா வந்தார். அவர்கள் சாப்பிடும் பால், பழம் எல்லாம் மூன்று அணாவுக்குள் அடங்குமா? அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். கூப்பிட்டு விசாரித்த காந்தியடிகள், அவர் செய்ததுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். கணக்கு முடிக்கிற நேரத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் பார்க்க வந்தபோது, இப்போது நேரமில்லை என்று காந்தியையே திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள். தலைவர் பேரில் வருகிற ரசீதைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்கிற கணக்கர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிசயமாகத்தான் இருக்கும்.

இந்தக் கருத்துகள் எங்கிருந்து எங்கே வந்தன என்று பார்த்தால், வழி நெடுக வியாபாரக் குடும்பங்கள்தாம். காந்தியடிகள் தம் சுயசரிதையின் ஆரம்பத்திலேயே, தங்கள் குடும்பம் ஆதியில் மளிகை வியாபாரம் செய்திருக்கும் போலிருக்கிறது என்று எழுதுகிறார். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்துதான் திவான் வேலை. 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகிற ரயிலில், ஜான் ரஸ்கின் என்ற இங்கிலாந்து எழுத்தாளரின் ஒரு சிறு புத்தகத்தைப் படித்தார். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அதைப் பிறகு 'சர்வோதயம்' என்ற பெயரில் குஜராத்தியில் சுருக்கி எழுதினார். அந்த ரஸ்கின் ஒரு மது வியாபாரியின் மகன். 1860-ல் ஒரு மாதப் பத்திரிகையில் இந்தக் கட்டுரைகளை எழுதியபோது வாசகர்கள் கூச்சல் போட்டதால் நான்கோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

கூச்சலுக்குக் காரணம் இருந்தது. ரஸ்கின் அதில் நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். சிப்பாய்க்கு நாட்டைக் காப்பது வேலை, வைத்தியருக்கு உடம்பைக் காப்பது வேலை, வக்கீலுக்கு நியாயத்தைக் காப்பது வேலை. அப்படியே வியாபாரிக்கு, ஜனங்களுக்கு வேண்டிய பொருளை நல்லதாகக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. வைத்தியர் பீஸ் வாங்குவதற்காக மட்டும் வைத்தியம் பார்ப்பதில்லை. வியாபாரியும் லாபத்துக்காக மட்டும் கடை திறக்கவில்லை. போர்க்களத்தை விட்டு ஓடக்கூடாத ஒரு நேரம் சிப்பாய்க்கு உண்டு. அப்படி ஒரு நேரம் வியாபாரிக்கும் உண்டு, நஷ்டப்பட்டாலும் மட்டச் சரக்கைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்க வேண்டிய நேரம் அது என்பது அவர் வாதத்தின் சாரம். நம் தொழிலைச் சிப்பாய், வைத்தியர் வரிசையில் உட்கார வைத்தவர் அவர். அதற்காகவாவது அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

குமரப்பா செய்தது, இந்த நீதியைக் கிலோவிலும் ரூபாயிலும் எழுதிக் காட்டியதுதான். எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து நிலங்களில் விளைகிற மணிலா, மூட்டை மூட்டையாக வெளியூர் ஆலைக்குப் போகிறது. எண்ணெய் டின்னில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. பிண்ணாக்கு வருவதில்லை. ஊர் மாட்டுக்குத் தீனி குறைகிறது, நிலத்துக்கு எரு குறைகிறது, செக்கு ஓட்டியவருக்கும் செக்கு செய்த தச்சருக்கும் கூலி போகிறது. ஆலை எண்ணெய் விலை மலிவு என்கிறோமே, அந்த மலிவுக் கணக்கில் இந்த நஷ்டங்களை எழுதவில்லை என்பதுதான் அவர் கண்டுபிடித்த தணிக்கைப் பிழை. அரிசியைத் தீட்டித் தவிட்டைப் போக்குவதிலும், பனைமரம் இருக்கும்போது நஞ்சை நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பதிலும் இதே தணிக்கையைத்தான் செய்தார்.

1942 போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காந்தியடிகள் அதற்கு முன்னுரை கொடுத்து, அவரைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று குறிப்பிட்டார். அதில் குமரப்பா பொருளாதாரத்தைப் பிராணிகளை வைத்து விளக்குகிறார். ஆட்டைக் கொன்று தின்கிற புலி ஒரு வகை. மாந்தோப்பில் புகுந்து, மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூட விடாமல் பழத்தைத் தின்கிற குரங்கு ஒரு வகை. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டமாக உழைத்துச் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று மேலே போகிறது. வியாபாரி எந்த வகை என்று பட்டென்று சொல்ல முடியாது. பருப்பு விலை ஏறும் என்று தெரிந்து பதுக்குகிறவன் எந்த வகை, தறிக்காரர் வீட்டுக்குக் கடனில் அரிசி போட்டுவிட்டு சேலை அறுக்கும் வரை பொறுத்திருக்கிறவன் எந்த வகை என்பது அவரவர் பேரேட்டில் இருக்கிறது.

வெளிநாட்டில் இவருக்குக் கிடைத்த கவனம் நம் ஊரில் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஷூமாக்கர் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு 1973-ல் சிறியதே அழகு என்ற கருத்தில் வெளியிட்ட புத்தகம் உலகெங்கும் போயிற்று. அதில் குமரப்பாவை எடுத்துக் காட்டுகிறார். நம் மாநிலத்திலேயே, மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு வீட்டில்தான் குமரப்பா கடைசிக் காலத்தில் வசித்தார். அங்கே ஒரு ஏழை விவசாயியின் படத்தை மாட்டி வைத்து, இவர் என் குருவுக்குக் குரு என்று வந்தவர்களிடம் சொல்வாராம். 1960 ஜனவரி 30-ல், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், காலமானார்.

இனி நம் விஷயம். சுதேசி என்ற சொல்லை நம் சங்கங்கள் அடிக்கடி எடுக்கின்றன. 2012 செப்டம்பரில் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது கடையடைத்தோம். அடைத்தது சரிதான். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று மாநில வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உள்ளூர்க் கம்பெனிகளின் பன்னீர் சோடாவும் கலரும் அந்தக் கோடையில் நன்றாக ஓடின. பிறகு ஒவ்வொரு கடையாகப் பழைய பாட்டில்கள் குளிர்ப்பெட்டிக்குத் திரும்பின. கம்பெனிக்காரனே பெட்டியை இலவசமாகக் கொடுத்திருக்கும்போது வேறென்ன நடக்கும்?

அந்த வேகம் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் குமரப்பாவிடம் பதில் இருக்கிறது. முதலாளி எந்த நாட்டுக்காரன் என்று பார்ப்பது அவருடைய சுதேசி அன்று. எங்கோ ஒரு தோட்டத்தில் ஆளை அடித்துக் கட்டாய வேலை வாங்கி விளைவித்த கோகோவை நாம் வாங்கிக் குடித்தால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்கிறார். அவ்வளவு தூரத்தில் நடப்பதை நம்மால் கண்காணிக்க முடியாது. ஆகவே கண்காணிக்க முடிகிற வட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கலை வைத்துக்கொள்வதே சுதேசி. இந்த அளவுகோலை எடுத்தால், கேள்வி கம்பெனியை விட்டுவிட்டு நம் கடைக்கே திரும்பி வருகிறது. நீ விற்கிற பொருள் யாரால், எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறது.

நம் பகுதியில் இந்தக் கேள்விக்கு அவசரம் வந்துவிட்டது. முன்பு பட்டுத் தறிதான் நம் மளிகைக் கடைகளுக்குப் படியளந்தது. பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி வந்து வீடு முழுக்க உட்கார்ந்து நெய்வார்கள். அம்மா தார் சுற்றுவார், பிள்ளை பக்கத்தில் நிற்பான். சேலை அறுத்துக் கூலி வாங்கினால் மளிகைப் பாக்கி அடையும். கைத்தறிக்கென்று 1985-ல் தனி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், கையால் செய்த பொருளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்று காந்தியும் குமரப்பாவும் விதைத்த கருத்தின் விளைச்சல்தான். இருந்தும் இளைஞர்கள் தறிக்குழியை விட்டு ஏறிவிட்டார்கள். செய்யாறு சிப்காட்டில் மாதச் சம்பளம் வருகிறது. அதில் நமக்குக் குறையில்லை, நம் பிள்ளைகளும்தான் போகிறார்கள். ஆனால் சம்பளம் பாங்கில் விழுகிறது, செல்போனில் சாமான் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் பணம் தீர்ந்தால் மட்டும் நம் கடைக்குக் கடனுக்கு வருகிறார்கள்.

"உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்" என்று தட்டி வைக்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் உள்ளூர்க் கடையில் உள்ளூர்ச் சரக்கு எவ்வளவு என்று வாங்க வருகிறவர் கேட்டால் என்ன சொல்வோம்? நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிழிந்த பாமாயிலை நாம் விற்றாலும் செல்போன் கம்பெனி விற்றாலும், போகிற ரூபாய் ஒரே கப்பலில்தான் ஏறுகிறது.

இதைவிட மோசமான விஷயம் போலிச் செக்கு எண்ணெய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் எடை. செக்கில் ஆட்டினால் 100 கிலோ பருப்புக்கு 40 கிலோவுக்குச் சற்று முன்பின் எண்ணெய் கிடைக்கும். ஆக ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருப்புக்கே 292 ரூபாய். கிடைக்கிற ஒன்றேகால் கிலோ பிண்ணாக்கைக் கிலோ 40 வீதம் கழித்தால் 242. அதற்கு மேல் ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி வாடகை, லாபம். நிலைமை இப்படி இருக்க, மரச்செக்கு என்று லேபிள் ஒட்டி லிட்டர் 180-க்குக் கொண்டுவந்து இறக்குகிறான் என்றால், உள்ளே இருப்பது என்ன என்று நமக்குத் தெரியாதா? கடைப் பையன்கூடப் போடக்கூடிய கணக்கு இது. பருப்பு விலை மாறினால் தொகை மாறும், கணக்கு மாறாது. கருப்பட்டியில் சீனி கலப்பதும், ஆலையில் உமி நீக்கிய அரிசிக்குக் கைக்குத்தல் என்று பெயர் வைப்பதும் இதே ஜாதிதான். தீட்டாத அரிசி என்று உள்ளதைப் போட்டாலே வாங்குவார்கள். உலக்கை பிடிக்க ஆள் ஏது என்று அவர்களுக்கும் தெரியும்.

பட்டில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. செயற்கை நூல் சேலையைப் பட்டு என்று விற்கத் தொடங்கியதும், வாங்குகிறவர் எல்லாக் கடையையும் சந்தேகப்பட்டார். கடைசியில் 2004-ல் சில்க் மார்க் என்று ஒரு முத்திரை கொண்டுவர வேண்டியதாயிற்று. எண்ணெய்க் கடைக்கு அந்த நிலை வரும் முன் விழித்துக்கொண்டால் செலவு குறைவு.

குமரப்பா சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. ஆலை அரிசி கூடாது என்றால் ஆரணி, களம்பூர் ஆலைகளை என்ன செய்வது? அவற்றை நம்பி எத்தனை குடும்பங்கள்? நம் பட்டுச் சேலையே முழு உள்ளூர்ச் சரக்கு அன்று. நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. தரகர், மண்டிக்காரர் மீது அவருக்கு அவ்வளவாகப் பிரியமும் கிடையாது. கூட்டுறவுச் சங்கம்தான் அவருக்குப் பிடித்தது. மண்டி வைத்திருக்கிற நாம் அதை எப்படிக் கொண்டாட முடியும்? கூட்டுறவுச் சங்கங்கள் சில நடந்த லட்சணத்தை அவர் இருந்து பார்த்திருந்தால் அவரே தணிக்கைக்கு உட்கார்ந்திருப்பார். ஆனால் பொருளோடு அதன் ஊரையும் சேர்த்து விற்க வேண்டும் என்ற அவர் கருத்தை மறுக்க நம்மிடம் வாதம் இல்லை. செல்போனில் விற்கிறவனால் இந்த எண்ணெய் எந்தச் செக்கில், யார் நிலத்து மணிலாவில் ஆட்டியது என்று சொல்ல முடியாது. நம்மால் முடியும். நமக்கு மிச்சமிருக்கிற பலம் அதுதான்.

வருகிற மே 5 வணிகர் தினத்தில் வழக்கமான கொடியேற்றத்தோடு, செக்கு வைத்திருப்பவர்களையும் மணிலா விளைவிப்பவர்களையும் அழைத்து ஒரே மேடையில் விலை பேச வைக்கலாம் என்பது நம் யோசனை. மேலே சொன்ன எண்ணெய்க் கணக்கை அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கலாம். அதற்கு முன்னோட்டமாக நம் மண்டி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே அது வருகிற ஊரைச் சாக்கட்டியில் எழுதி வருகிறோம். அரிசிக்கு எதிரே ஆரணியும் களம்பூரும் இருக்கின்றன. கடலை எண்ணெய்க்கு எதிரே பக்கத்துக் கிராமம் ஒன்று. மிளகாய்க்குக் குண்டூர், மஞ்சளுக்கு ஈரோடு, துவரைக்குக் குல்பர்கா, உளுந்தில் ஒரு ரகத்துக்குப் பர்மா. பருப்பு வரிசையில் இன்னும் ஒரு உள்ளூர்ப் பெயர்கூட ஏறவில்லை. உளுந்து போட்டிருக்கிற விவசாயிகள் இருவர் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்து விலை விசாரித்துப் போயிருக்கிறார்கள். தை அறுவடைக்குச் சரக்கு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.